பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலத்தை சோலார் கம்பெனிக்கு 30 வருஷக் குத்தகைக்கு விடலாமா? வாடகை, கூலி, மேய்ச்சல் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மானாவாரி_பென்னாகரம் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் ஊரில் 14 குடும்பங்களுக்குச் சேர்ந்தாற்போல 62 ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். ராகி, சாமை, நிலக்கடலை, கொள்ளு என்று மழையைப் பார்த்து விதைப்பு. இப்போது ஒரு சோலார் கம்பெனிக்காக என்று தரகர் வந்து, 29 வருஷம் 11 மாதத்துக்குக் குத்தகை கேட்கிறார். ஏக்கருக்கு வருஷம் 30,000 ரூபாய், 3 வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றம். ஏக்கருக்கு 10,000 முன்பணம் உடனே தருவார்களாம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி ஒப்பந்தம், கூடவே தரகர் பேருக்கு ஒரு பவர் பத்திரம், அவ்வளவுதான் என்கிறார்.

பாதிப் பேருக்கு உடனே கையெழுத்துப் போட ஆசை. ஆனால் ஊரில் நிலமில்லாத வீடுகள் 40-க்கு மேல் இருக்கின்றன. களையெடுப்பு, கடலை பிடுங்கல் எல்லாம் அவர்கள்தான். அறுவடை முடிந்தால் அவர்களுடைய ஆடுகள் அதே நிலத்தில்தான் மேயும்.

வாடகை நியாயமா? பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? கூலி ஆட்கள் கதி என்ன? பேனல் போட்டால் வெயில் ஏறும், மழை போகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் உண்மையா?

வில்லங்கம்_பார்:

முதலில் அந்த பவர் பத்திரம். போடாதீர்கள். கம்பெனிக்குத் தேவை குத்தகை உரிமை மட்டும். தரகர் பேரில் பொது அதிகாரம் கொடுத்தால் அவர் யாருக்கு வேண்டுமானாலும், எந்த விலைக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்க வழி கிடைக்கும். அசல் பத்திரங்களையும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், சான்றிட்ட நகல் போதும்.

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் 1908-ம் வருஷப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் வைத்த தாளை வைத்துக்கொண்டு நாளைக்கு வாடகை பாக்கிக்கு வழக்குப் போட்டால் திணறுவீர்கள். 29 வருஷம் 11 மாதம் என்று ஏன் கேட்கிறார்கள் தெரியுமா? தமிழ்நாட்டில் 30 வருஷத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம், அதைத் தாண்டினால் 4 சதவீதம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் செலவு முழுக்க கம்பெனியுடையது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

10,000 முன்பணம் பெரும்பாலும் நிலத்தை முடக்கி வைக்கிற பணம். துணை மின்நிலையத்தில் இடம் இருக்கிறதா, மின் இணைப்புக்கு அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலே நிலத்தைக் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு அந்த ஒப்பந்தங்களை மொத்தமாக வேறு கம்பெனிக்குக் கைமாற்றுகிறவர்கள் உண்டு. எந்தத் துணை மின்நிலையம், எத்தனை கே.வி., அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். முன்பண ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்றால் 12 மாத வரம்பு வையுங்கள். அதற்குள் பதிவுக் குத்தகை ஆகாவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து, முன்பணம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று இருக்கட்டும்.

உங்கள் பக்கக் காகிதம்: பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று. இதில் மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

ஒன்று கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்காமல் குத்தகைக்குப் போனால் வாடகை யார் கணக்குக்கு எவ்வளவு என்பதில் முதல் வருஷமே பங்காளிச் சண்டை. அடுத்தது பெண் பிள்ளைகள். கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமாகிவிட்டது, 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அதை இன்னும் விரித்தது. கட்டிக் கொடுத்த அக்கா தங்கை கையெழுத்து இல்லாமல் எழுதினால் கம்பெனி வக்கீலே பின்னால் குறை கண்டுபிடித்து வாடகையை நிறுத்தி வைப்பார். வாடகையில் அவர்கள் பங்கையும் இப்போதே பேசி முடியுங்கள். மூன்றாவது, நிலத்தில் எந்தத் துண்டாவது பஞ்சமி நிலமாகவோ (ஆங்கிலேயர் காலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கியது) அரசு ஒப்படை நிலமாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதைய பட்டா மட்டும் பார்த்தால் தெரியாது, யு.டி.ஆர். என்கிற நில ஆவணப் புதுப்பிப்புக்கு முந்தைய எஸ்.எல்.ஆர். என்கிற பழைய நிலப் பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நிபந்தனை நிலம் என்றால் அந்தத் துண்டைக் குத்தகையில் சேர்க்கவே கூடாது.

கம்பெனி தருகிற வரைவுப் பத்திரத்தில் நான் முதலில் தேடுவது வெளியேறும் ஷரத்து. பெரும்பாலும் நிலத்துக்காரர் 30 வருஷம் வெளியேற முடியாது, கம்பெனி மட்டும் 90 நாள் நோட்டீஸில் போகலாம் என்று இருக்கும். கம்பெனிக்கும் குறைந்தது 15 வருஷம் கட்டாயம் வையுங்கள், அதற்கு முன் போனால் 2 வருஷ வாடகை இழப்பீடு. கையெழுத்துப் போடுகிற கம்பெனி ஒரு லட்ச ரூபாய் மூலதனத்தில் புதிதாகத் தொடங்கிய துணை நிறுவனமாக இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பேரைப் போட்டால் செலுத்திய மூலதனம் தெரிந்துவிடும். தாய் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள். வங்கிக் கடனுக்குக் குத்தகை உரிமையை ஈடு வைக்கலாம், நிலத்தை ஈடு வைக்க உரிமை இல்லை என்ற வரி தனியாக, தெளிவாக இருக்க வேண்டும்.

வரி விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சோலாருக்கு விட்ட வாடகை விவசாய வருமானம் ஆகாது, வரிவிலக்கு கிடையாது. ஒருவருடைய வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வருமான வரி கட்டுகிற நிலை வந்தால் பி.எம். கிசான் பணம் நிற்கும். அந்த சர்வே எண்ணில் அடங்கலில் பயிர் இருக்காது என்பதால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் போகும். இதையும் சேர்த்துத்தான் 30,000-ஐப் பார்க்க வேண்டும்.

யூனிட்_கணக்கு:

வாடகைக்கு வருகிறேன். 30,000 என்பதை விட அந்த "3 வருஷத்துக்கு 5 சதவீதம்" தான் உங்களை அடிக்கப் போகிறது.

30 வருஷத்தில் 9 முறை ஏறும். கடைசி வருஷ வாடகை 46,500 ரூபாய் சுமார். விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால், அந்த 46,500-இன் இன்றைய மதிப்பு 11,300 தான். அதாவது உங்கள் பேரன் வாங்கப்போகிற வாடகை, இன்றைக்கு நீங்கள் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. இதே 30,000-ஐ 3 வருஷத்துக்கு 15 சதவீதம் என்று மாற்றினால் கடைசி வருஷம் 1,05,500. வருஷா வருஷம் 5 சதவீதம் என்றால் 1,23,500. 30 வருஷ மொத்தத் தொகையாகப் பார்த்தால் இதே வரிசையில் ஏக்கருக்கு 11.3 லட்சம், 18.3 லட்சம், 19.9 லட்சம். கம்பெனி "நாங்களும் 5 சதவீதம்தானே சொன்னோம்" என்பார்கள். வருஷத்துக்கா, மூன்று வருஷத்துக்கா என்பதில் 8 லட்சத்துக்கு மேல் போகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து மாநிலத்துப் பாவகடாவைப் பாருங்கள். துமகூரு மாவட்டம், 2,050 மெகாவாட், ஏறத்தாழ 13,000 ஏக்கர், நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். அங்கே தொடக்க வாடகை ஏக்கருக்கு 21,000, ஏற்றம் 2 வருஷத்துக்கு 5 சதவீதம். அது பத்து வருஷத்துக்கு முந்தைய விலை. உங்களுக்குச் சொன்ன ஏற்றம் அதைவிட மோசம்.

கம்பெனி பக்கக் கணக்கையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர். ஓடை, பாதை, பாறை கழித்தால் உங்கள் 62 ஏக்கரில் 12 மெகாவாட் வரும். நம் பக்கத்து வெயிலுக்கு 1 மெகாவாட் வருஷத்துக்கு 15 முதல் 17 லட்சம் யூனிட் கொடுக்கும். ஏக்கருக்கு மூன்றரை லட்சம் யூனிட் என்று வையுங்கள். 30,000-ஐ அதால் வகுத்தால் யூனிட்டுக்கு எட்டரைப் பைசா. வாடகையை 40,000 ஆக்கினால் அவர்களுக்குக் கூடுவது யூனிட்டுக்கு 3 பைசாவுக்குள். "பத்தாயிரம் ஏற்றினால் திட்டமே படுத்துவிடும்" என்று தரகர் சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துப் போடுங்கள். ஆனால் எதற்கும் எல்லை உண்டு. மெகாவாட்டுக்கு 4 கோடி அளவில் முதல் போடுகிறவர்கள், ஏக்கருக்கு ஒரு லட்சம் கேட்டால் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நிலம் அவர்களுக்கு எங்கும் கிடைக்கும், பக்கத்தில் துணை மின்நிலையம் இருக்கிற நிலம்தான் கிடைக்காது. உங்கள் பேர வலிமை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

கரண்டை யார் வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். மின்வாரியத்துக்கு விற்கிறார்களா, ஓசூர் பக்கத்து ஆலைகளுக்கு "குரூப் கேப்டிவ்" முறையில் போகிறதா? அந்த முறையில் ஆலைகள் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது தாங்களே பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் மற்றவர்களுக்கான மின் மானியத்தை ஈடுகட்ட வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் அவர்களுக்கு இல்லை, ஆகவே விலை நன்றாகப் படியும். அந்தத் திட்டம் என்றால் வாடகை பேச இன்னும் இடம் இருக்கிறது.

வெயில், மழை சந்தேகம்: மத்தியானத்தில் பேனல் 60 டிகிரி சூடாகும், வேலிக்குள்ளே காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். வேலியை விட்டு விலக விலகச் சீக்கிரம் குறைந்துவிடும். 60 ஏக்கர் பேனல் மழையை விரட்டாது. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டிருந்தால் அது சரியான கேள்வி.

களிக்காரன்:

நான் தருவதற்கே எதிர். ஆனால் எழுதித்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சோலார்காரன் வந்ததும் முதல் வேலை வரப்பையும் கல்கட்டையும் உடைத்து புல்டோசர் விட்டு மட்டம் பண்ணுவது. செம்மண் மேல்மண் நம் பக்கம் ஒரு முழம் தேறினால் பெரிசு. அதைத் தள்ளிவிட்டால் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே பாறை. பேனலில் விழுகிற மழை அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் கொட்டும். ரெண்டு மழைக்காலத்தில் வரிசைக்கு ஒரு வாய்க்கால் அரிந்துவிடும், தண்ணீர் கீழ்நிலத்துக்காரன் காட்டில் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும், ஏரிக்குப் போக வேண்டியது வேறு பக்கம் திரும்பிவிடும். புலப்படத்தில் ஓடை இருந்தால் அது புறம்போக்கு, அதை மூட கம்பெனிக்கும் உரிமை இல்லை உங்களுக்கும் இல்லை. சரிவு இருக்கிற இடத்தில் மட்டம் பண்ணாமல் கால் உயரத்தை ஏற்றி இறக்கித் தூண் நடச் சொல்லுங்கள், முடியும். சமஉயர வரப்பும் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டையும் அவர்கள் செலவில். பேனலுக்கு அடியில் புல் இருக்கட்டும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

தூண் விஷயம். பாறை மேலாக இருக்கிற இடத்தில் தூணை அடித்து இறக்க முடியாது, துளை போட்டு கான்கிரீட் ஊற்றித்தான் நிறுத்துவான். ஒரு மெகாவாட்டுக்கே பல நூறு தூண். 30 வருஷம் கழித்து இரும்பை எடைக்குப் போட அறுத்து எடுத்துக்கொண்டு போவான், கான்கிரீட் முளை உங்கள் ஏர் முனைக்கு நிற்கும். "நிலத்தை இருந்த நிலையில் ஒப்படைப்பது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோசனமில்லை. தரைமட்டத்திலிருந்து 3 அடி ஆழம் வரை கான்கிரீட், கேபிள், கம்பி எல்லாம் எடுக்க வேண்டும் என்று அளவு போட்டு எழுதுங்கள். அதற்கு வங்கி உத்தரவாதம், 20-வது வருஷத்திலிருந்தாவது. இப்போதே எல்லாப் பக்கமும் போட்டோ, மண் பரிசோதனை முடிவு, மரங்களின் எண்ணிக்கை, எல்லாம் பத்திரத்தோடு இணைப்பாக வைக்க வேண்டும். புளியமரம், வேம்பு வெட்டினால் தனி இழப்பீடு.

மேய்ச்சல்: பட்டா நிலத்தில் அறுவடைக்குப் பின் ஆடு மேய்ப்பதற்கு எழுத்தில் உரிமை கிடையாது, பழக்கம்தான். அதனால் கம்பெனி அதைக் கணக்கில் எடுக்கவே எடுக்காது. ஆனால் புல் வெட்ட அவர்களுக்கு வருஷா வருஷம் காசு செலவாகும். மேச்சேரிச் செம்மறியை உள்ளே விட்டால் அந்த வேலை சும்மா முடியும். பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 3 அடியாவது இருக்க வேண்டும், கேபிள் எல்லாம் குழாய்க்குள் இருக்க வேண்டும். வெள்ளாடு வேண்டாம். பேனல் மேலேயே ஏறும், ஒயரைக் கடிக்கும். களைக்கொல்லி அடிக்க மாட்டோம் என்று எழுதி வாங்காமல் ஆட்டை உள்ளே விடாதீர்கள்.

வேலி போடும்போது பழைய வண்டிப்பாதையும் சுடுகாட்டுப் பாதையும் அடைபடாமல் பாருங்கள். காட்டை ஒட்டிய நிலம் என்றால் யானை நடமாட்டத்தையும் வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். 62 ஏக்கருக்கு ஒரே வேலி என்றால் யானை சுற்றிக்கொண்டு பக்கத்து வாழைக்குத்தான் போகும்.

யூனிட்_கணக்கு:

களிக்காரன் சொன்ன 3 அடி உயரத்துக்கு இரும்பு கூடுதலாகப் பிடிக்கும், கம்பெனி முனகும். செம்மறி மேய்ச்சலை எழுத்தில் கொடுத்தால் புல் வெட்டும் செலவு மிச்சம் என்று காட்டுங்கள், ஒத்துவரும். பேனல் கழிவு பற்றி ஒன்று: 2022-ம் வருஷ மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது. உடைந்த பேனலை ஊர்க் குட்டையில் கொட்டிவிட்டுப் போக முடியாது. அந்த விதியின்படி அகற்றும் பொறுப்பு தங்களுடையது என்று பத்திரத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

மானாவாரி_பென்னாகரம்:

ரொம்ப நன்றி. ஏற்றத்தின் கணக்கை ஊரில் வாசித்துக் காட்டினேன், ஆசைப்பட்டவர்களே அமைதியாகிவிட்டார்கள். கூலி வேலை பற்றி யாராவது சொல்லுங்கள். தரகர் "200 பேருக்கு வேலை" என்கிறார்.

குழுத்_தலைவி:

200 பேர் என்பது கட்டுமானம் நடக்கிற ஆறேழு மாதத்துக்கு. அதிலும் பாதிக்கு மேல் ஒப்பந்ததாரர் வெளியிலிருந்து கூட்டிவரும் ஆட்கள். அதை விட்டுவிட்டு நிரந்தரத்தைப் பாருங்கள் தம்பி.

மானாவாரி நிலக்கடலைக்கு விதைப்பு, இரண்டு களை, பிடுங்கல், காய் பறிப்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 35-லிருந்து 45 ஆள் கூலி. 62 ஏக்கரும் விதைத்த வருஷம் என்றால் 2,200 முதல் 2,800 ஆள்நாள். முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். பிளாண்ட் வந்தால் காவலுக்கு மூன்று ஷிஃப்ட், டெக்னீசியன், மேற்பார்வை என்று எட்டு பத்துப் பேர். வருஷத்துக்கு 300 நாள் போட்டால் 2,400 முதல் 3,000 ஆள்நாள். எண்ணிக்கை கிட்டத்தட்ட சமமாக வருகிறது, பார்த்தீர்களா? இதைக் காட்டித்தான் "வேலை குறையவில்லை" என்பார்கள். ஆனால் முன்பு 40 வீட்டுப் பெண்கள் கையில் சீசனுக்குச் சீசன் பிரிந்து போன கூலி, இப்போது பத்து ஆண்கள் கையில் மாதச் சம்பளமாக நிற்கும். அந்தப் பத்துப் பேரும் ஏஜென்சி மூலம் வந்தால் ஊருக்கே இல்லை. கடலைக்கொடியும் போகும், கறவை மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவும் அதே வீட்டுப் பெண்கள் தலையில்தான்.

கேட்டு வாங்கக்கூடிய வேலை பேனல் கழுவுவது. 550 வாட் பேனல் என்றால் மெகாவாட்டுக்கு 1,820 சுமார், 12 மெகாவாட்டுக்கு 21,800. குழாயும் துடைப்பானும் கொடுத்தால் ஒருவர் காலைப் பொழுதில் 150 பேனல் கழுவலாம். ஒரு சுற்றுக்கு 145 ஆள். மாதம் இரண்டு சுற்று, மழையில்லாத 8 மாதம் என்றால் 2,300 ஆள்நாள். போன கூலி அப்படியே இதில் திரும்புகிறது. கம்பெனிக்கு இது தர்மம் இல்லை. தூசு படிந்து 5 சதவீதம் உற்பத்தி குறைந்தால் 12 மெகாவாட்டில் வருஷம் 9 லட்சம் யூனிட்டுக்கு மேல் நஷ்டம்.

ஆனால் கமுதி 648 மெகாவாட் நிலையத்தில் துடைப்பது ரோபோ. உங்கள் கம்பெனியும் ரோபோ போட்டுவிட்டால் இந்த ஷரத்து வெறும் காகிதம். அதனால் "கழுவும் வேலை ஊருக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். கழுவுதல், புல் வெட்டுதல், வேலி பராமரிப்பு எதுவானாலும் வருஷத்துக்கு இத்தனை ஆள்நாள் உள்ளூர் மகளிர் குழுவுக்கு, குறைந்தால் அந்தக் கூலியைக் குழுக் கணக்கில் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். குழுவின் பேரில் ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் பணம், விபத்துக் காப்பீடு, ரப்பர் கையுறை, பூட்ஸ்.

வேலை முறையும் சொல்லிவிடுகிறேன். விடிந்து ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். வரிசையில் 1,500 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் ஓடும், பேனலுக்குப் பின்னால் இருக்கும் இணைப்பான்களை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. கண்ணாடி உடைந்த பேனலில் தண்ணீர் அடிக்காமல் அடையாளம் வைத்துவிட்டு நகர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி போதும். டெக்னீசியன் வேலைக்கு ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப நினைத்தால், ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் "சூர்யமித்ரா" பயிற்சி இருக்கிறது. கம்பெனி வந்த பிறகு அனுப்பினால் பிந்திவிடும், இப்போதே அனுப்புங்கள்.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டீர்களா? பேனலுக்கு 3 லிட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 65,000 லிட்டர். நம் போர் தண்ணீர் கடினம். அதில் இருக்கும் ஃப்ளோரைடு பேனலை ஒன்றும் செய்யாது, சுண்ணாம்பு உப்புதான் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். சுத்திகரித்த தண்ணீர் வேண்டுமென்றால் கழிவுத் தண்ணீரை எங்கே விடுவார்கள் என்றும் கேளுங்கள். உள்ளே புது போர் போடக் கூடாது, மழைநீர்க் குட்டையிலிருந்து எடுக்க வேண்டும், ஒகேனக்கல் குடிநீர்க் குழாயைத் தொடவே கூடாது. நம் மாவட்டத்தில் எத்தனையோ குறுவட்டங்கள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. உங்களுடையது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் சொல்வார்கள்.

ஐந்து_எச்பி:

இலவச விவசாய இணைப்பு யாருக்காவது அந்த நிலத்தில் இருந்தால் அதை முதலில் பாருங்கள். அந்த மோட்டாரில் பேனல் கழுவத் தண்ணீர் எடுத்தால் மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு, அபராதம் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். கிணறும் மோட்டாரும் இருக்கிற சர்வே எண்ணைக் குத்தகையில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும், நாமே போடலாமே என்று யாராவது கேட்பார்கள். விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பி.எம். குசும் திட்டத்தின் ஏ பிரிவு அதற்குத்தான்: துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயிகளோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ போடலாம். கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 500 கிலோவாட்டுக்கு முதலீடு 2 கோடி என்று வைப்போம். 8 லட்சம் யூனிட், யூனிட் 3 ரூபாய் என்றால் வருஷம் 24 லட்சம். 1.4 கோடி கடன், 10 சதவீத வட்டி, 12 வருஷம் என்றால் தவணை இருபதரை லட்சம். பராமரிப்பு 3 லட்சம். மிச்சம் 50 ஆயிரம், கையிலிருந்து போட்ட 60 லட்சத்துக்கு. கடன் முடிந்த பிறகுதான் லாபம். பகலில் பீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதை) நின்றால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், அந்த நேர யூனிட் போனது போனதுதான். யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் கிடைத்தாலொழிய 14 குடும்பம் இதில் தலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அதே ஏ பிரிவில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால், வாடகையை மின் விநியோக நிறுவனமே நேராக நிலத்துக்காரர் கணக்கில் போடும் வசதி உண்டு. உங்கள் கம்பெனி அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் வாடகை பாக்கி பயம் பாதி தீரும்.

வில்லங்கம்_பார்:

மேலே விட்டுப்போன ஒன்று, கம்பிப்பாதை. பிளாண்டிலிருந்து துணை மின்நிலையம் வரை கம்பம் நடுவது உங்கள் 62 ஏக்கருக்கு வெளியே, குத்தகைப் பணம் ஒரு பைசா வாங்காதவர்கள் நிலத்தில். ஊர்ப் பகை அங்கேதான் ஆரம்பிக்கும். 66 கே.வி. மற்றும் அதற்கு மேற்பட்ட கோபுரப் பாதை என்றால் மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் இருக்கிறது: 2015-இல் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழ் நிலத்துக்கு 15 சதவீதம் வரை என்று இருந்ததை, 2024 ஜூனில் 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். 22, 33 கே.வி. கம்பத்துக்கு அது பொருந்தாது, பேசி வாங்குவதுதான். உங்கள் பத்திரத்திலேயே கம்பத்துக்கு இவ்வளவு, கம்பம் சாலை ஓரமாகத்தான் போக வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

62 ஏக்கரையும் கொடுக்காமல், கற்காடும் சரிவும் உள்ள துண்டுகளை மட்டும் 35, 40 ஏக்கர் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று புலப்படத்தை வைத்துப் பாருங்கள். நல்ல துண்டு வைத்திருப்பவருக்கும் கற்காடு வைத்திருப்பவருக்கும் வாடகையை எப்படிப் பங்கிடுவது என்பதை 14 பேரும் தனியாக ஒரு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டு, ஒரே குழுவாகப் போய் உட்காருங்கள். தரகர் ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே வந்து பேசினால், அந்த ஒப்பந்தம் பதிவாகும்வரை யாரும் முன்பணம் வாங்க வேண்டாம். நகல் பத்திரம் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.